சத்துக் குறைவு என்று நினைத்தேன், உப்பு கூடிப்போயிருந்தது

போன வருடம் மார்ச் கடைசியில்தான் முதல் தடவை கவனித்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பைடர் பிளான்ட்டில் ஏழெட்டு இலைகளின் நுனி மட்டும் மஞ்சளாகி, அந்த மஞ்சளுக்கும் முனையில் அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கத்தரிக்கோலை எடுத்து நுனிகளை நறுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து நாளில் நறுக்கிய இடத்திலிருந்து மறுபடி மஞ்சள் கீழே இறங்க ஆரம்பித்தது. அதற்குள் பீஸ் லில்லியிலும் அதே கதை, டிரசீனாவிலும் அதே கதை.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், வாடகை வீடு, இரண்டாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்று மணிக்கு அங்கே வடகம் காயப்போடலாம், செடி வைக்க முடியாது. அதனால் கறிவேப்பிலையையும் துளசியையும் தவிர மற்ற பன்னிரண்டு தொட்டிகளும் வீட்டுக்குள்தான். வீட்டுக்குள் செடி வளர்ப்பதில் எனக்கு நாலு வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் அதில் மூன்று வருடம் செடி தானாக வளர்ந்தது, நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

மஞ்சள் என்றால் சத்துக் குறைவு. இது எப்படியோ தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. வீட்டில் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருப்பது) ஒரு பாக்கெட் இருந்தது. தொட்டிச் செடிக்கு லிட்டருக்கு ஒரு கிராம் போதும், அதுவும் மாதம் ஒன்றிரண்டு தடவை. நான் டீஸ்பூனில் ஒன்று எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி வாரா வாரம் ஊற்றினேன். ஒரு டீஸ்பூனே ஐந்து கிராமுக்குக் கிட்ட வரும் என்று அப்போது எடை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்று வாரத்தில் நுனி இன்னும் மோசமானது. சரி, மெக்னீசியம் குறைவாக இருக்கும் என்று எப்சம் உப்பு வாங்கிப் போட்டேன். அப்புறம் வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர். பீஸ் லில்லித் தொட்டியில் கொசுக் குஞ்சு மாதிரிச் சின்னப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்ததுதான் அதில் கண்ட பலன்.

பாகாயம் போகிற வழியில் ஒரு நர்சரியில் வழக்கமாகச் செடி வாங்குவேன். அங்கே இருக்கும் பெரியவரிடம் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். “தண்ணி அதிகமாப் போச்சு சார், ரெண்டு வாரம் காயப் போடுங்க” என்றார். படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் யாரும் அதைத்தான் சொல்வார்கள், தொட்டிச் செடி நிறைய தண்ணீர் அதிகமாகித்தான் சாகிறது. ஆனால் என் விஷயத்தில் காயப்போட்டது ரொம்பத் தப்பாகப் போனது. மண் காயக் காயத் தண்ணீர்தான் போகும், அதில் கரைந்திருப்பது போகாது, மிச்சமிருக்கிற கொஞ்சம் ஈரம் அடுப்பில் சுண்டிய ரசம் மாதிரி ஆகிவிடும். அந்த ரசத்தில் வேர் நின்றது. இரண்டு வாரத்தில் டிரசீனாவின் இலை ஓரமெல்லாம் கருகியது.

இத்தனைக்கும் விடை மூன்று மாதமாக என் கண்ணெதிரே சமையலறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. அதே ஸ்பைடர் பிளான்ட் விட்ட குட்டி ஒன்றைக் கிள்ளி, என் மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். உரம் கிடையாது, மண்கூடக் கிடையாது. இலை நுனி கடைசி வரைக்கும் பச்சை. தாய் நோயாளியாக ஹாலில் கிடக்கிறது, குட்டி ஜம்மென்று நிற்கிறது, நான் தினமும் அதைத் தாண்டிப் போய் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்து வந்துகொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரி போக வேண்டும் என்று ஊரிலிருந்து அம்மா வந்தார். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கம் எங்கள் ஊர், அம்மா கத்திரியும் மிளகாயும் நட்டு வளர்ந்த கை. (2023ல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளுக் கத்திரிக்காய் எங்கள் பக்கத்துக் காய்தான், அதை நடுவில் சொல்லாமல் போனால் அம்மா கோபித்துக்கொள்வார்.) காலையில் காபி டம்ளரோடு ஹாலில் நின்றவர் இலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து தொட்டியின் அடித்தட்டைத் தூக்கினார். அதன் ஓரத்தில் வெள்ளையாக வளையம் வளையமாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் மண்ணின் மேல்பக்கம், மண் தொட்டியின் வெளிப்பக்கம், எங்கும் அதே வெள்ளை.

“இன்னாப்பா இது, களரு மாதிரி உப்புப் பூத்துக் கெடக்கு? எந்தத் தண்ணி ஊத்தற?”

“ஆர்ஓ தண்ணிதாம்மா.”

“குடிக்கிற தண்ணியா?”

அது குடிக்கிற தண்ணீர் இல்லை. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

ஆர்ஓ என்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வர இரண்டு மூன்று லிட்டர் பக்கத்துக் குழாய் வழியாக வெளியே போகும். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊர்க்காரனுக்கு அது சாக்கடையில் போவதைப் பார்க்க மனசு வராது. 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது, இங்கே நாங்கள் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். அதனால் போன வருடப் பொங்கலுக்கு வீட்டில் புது ஆர்ஓ மாட்டியதும், அந்தக் கழிவுக் குழாயை ஒரு கேனில் விட்டு, அதைத்தான் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் கொடுக்கிற யோசனைதான் அது. ஆனால் ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை, பிரிக்கிறது. நல்ல தண்ணீரில் இல்லாத உப்பு முழுக்க அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஜனவரியில் ஆரம்பித்தேன், மார்ச்சில் நுனி மஞ்சளானது. கணக்கு அவ்வளவு நேராக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

நல்ல தண்ணீர் வரும் போர்வெல்லாக இருந்தால் அந்தக் கழிவுத் தண்ணீரைக்கூடச் செடி தாங்கிக்கொள்ளும். எங்கள் போர் அப்படி இல்லை. சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை படியும், புதுக் குழாய் ஆறு மாதத்தில் அடைக்கும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததும், 1996ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தீர்ப்புச் சொன்னதும் ஊரறிந்த கதை. ஆனால் எங்கள் போர் உப்புக்கு அந்தப் பழியைப் போட என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. வேலூரைப் பற்றிக் ‘கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை’ என்று கேலியாகச் சொல்வார்கள். எங்கள் சத்துவாச்சாரியில் வைத்திருந்த கோட்டைக் கோயில் லிங்கத்தை 1981ல் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்ததோடு முதல் பாதி முடிந்தது. இரண்டாவது பாதி 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் சில நாள் பொய்யாகி, மறுபடி மெய்யாகிவிட்டது.

அன்றைக்கே டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது) ஒன்று ஆர்டர் போட்டேன், 300 ரூபாய்க்குள் கிடைத்தது. வந்ததும் வீட்டில் உள்ள தண்ணீரையெல்லாம் அளந்தேன். போர்த் தண்ணீர் 1400 சொச்சம். ஆர்ஓவில் குடிக்கிற தண்ணீர் 60. கழிவுத் தண்ணீர் 1930. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 400க்குக் கொஞ்சம் கீழே. ஏசியிலிருந்து சொட்டுவது 22. குடிதண்ணீருக்கே இந்தியத் தர நிர்ணயம் 500க்குள் இருப்பது நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்று விடுகிறது. நான் செடிக்கு அந்த விளிம்பில் ஊற்றி, அதன் தலையில் ஐந்து மடங்கு உரத்தையும் எப்சம் உப்பையும் கொட்டியிருக்கிறேன். உரமும் உப்புதான், வேருக்கு இரண்டும் ஒன்றுதான். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இந்த மீட்டர் உப்பை எண்ணுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும். அதனால் பக்கத்து வீட்டு மீட்டரோடு சண்டை போடாதீர்கள். ஒரே மீட்டரில் இரண்டு தண்ணீரை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த உப்பு என்றும் அது சொல்லாது.

ஏன் நுனியில் மட்டும் என்று எனக்கு ரொம்ப நாள் குடைந்தது. வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டு வழியாக ஏறி இலையில் ஆவியாகப் போகிறது. அதோடு வந்த சோடியம், குளோரைடு மாதிரியானவை ஆவியாக முடியாது, தண்ணீர் போகிற பாதையின் கடைசியில் தங்கிவிடும். ஸ்பைடர் பிளான்ட் மாதிரி நீள இலையில் கடைசி என்றால் நுனி, அகல இலையில் நுனியும் ஓரமும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளை படிகிற அதே கதைதான். வயதான இலையில் அதிகமாகவும் புது இலையில் குறைவாகவும் தெரிந்ததற்குக் காரணமும் இதுதான், பழைய இலை அதிக நாள் தண்ணீர் இழுத்திருக்கிறது. வெயில் காலத்தில், அதுவும் ஃபேன் காற்று நேராகப் படும் இடத்தில், செடி அதிகம் இழுக்கும், அதிகம் சேரும். டிவிக்குப் பக்கத்துத் தொட்டி முதலில் மாட்டியது அதனால்தான் என்று நினைக்கிறேன், ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிகளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனேன். முதலில் மண்ணின் மேல்பக்கம் வெள்ளை பூத்திருந்த அரை அங்குலத்தை ஸ்பூனால் வழித்து எடுத்தேன். எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு முழுக்கக் கரைந்து வேருக்குத்தான் போகும். ஸ்பைடர் பிளான்ட் இருந்தது 8 அங்குலத் தொட்டி, மண் ஒரு 4 லிட்டர் பிடிக்கும். அதைப்போல மூன்று மடங்கு, 12 லிட்டர் மாநகராட்சித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக, அவசரப்படாமல், கால் மணி நேரம் விட்டு விட்டு ஊற்றினேன். ஓட்டை வழியாக வந்த முதல் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்தேன். 3400. டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஆறாவது லிட்டரில் 1900. பன்னிரண்டாவதில் 800க்கு வந்தது, நிறமும் வெளுத்தது. ஊற்றுவது 400, வருவது 800, இதற்கு மேல் அன்றைக்குப் போதும் என்று நிறுத்தினேன். கடைசியாக ஒரு லிட்டர் ஆர்ஓ நல்ல தண்ணீர் ஊற்றினேன், அது தேவையா என்றால் தேவையில்லை, பாவம் தீர்க்கிற எண்ணம்தான்.

இதைச் செய்யும்போது தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும், கீழே தேங்கிய தண்ணீரைச் செடி மறுபடி குடிக்க விடக்கூடாது. நான் முன்னே அடித்தட்டில் நின்றதை ‘வீணாக்காமல்’ திரும்ப மேலே ஊற்றுகிறவனாக இருந்தேன். கழுவியபின் மேல் மண் ஒரு அங்குலம் காயும் வரை தண்ணீர் காட்டவில்லை, ஆறு வாரம் உரமே இல்லை. மழைக்காலத்தில் செய்வதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள், காற்றில் ஈரம் இருக்கும்போது மண் நாலைந்து நாள் சொதசொதவென்று கிடக்கும். பீஸ் லில்லியை நான் கழுவவில்லை. தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தபோது வேரில் பாதி பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது, சாக்கடை வாடை வேறு. நர்சரிப் பெரியவர் இந்த ஒரு செடிக்குச் சொன்னது சரிதான். அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில், முன்னைவிடச் சின்னத் தொட்டியில் நட்டேன். இந்த இரண்டுக்கும் இலையில் உள்ள வித்தியாசத்தை இப்போது கையாலேயே சொல்லிவிடுவேன்: உப்பில் காய்ந்த நுனி மொறுமொறுவென்று உடையும், வேர் அழுகிய செடியின் இலை முழுசாக மஞ்சளாகித் தொளதொளவென்று தொங்கும், கருகிய இடம்கூட மெத்தென்று இருக்கும்.

கழுவியதும் மஞ்சள் நுனி பச்சையாகும் என்று தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஆகவே ஆகாது. செத்த நுனி செத்ததுதான். பார்க்க வேண்டியது அடுத்து வருகிற இலையை. மூன்றாவது வாரம் நடுவிலிருந்து இரண்டு இலை வந்தது, ஒரு மாதம் கழித்தும் அவற்றின் நுனி ஊசி மாதிரி கூர்மையாகப் பச்சையாக நின்றது. அன்றைக்குத்தான் நிம்மதி.

இப்போது யாராவது மஞ்சள் என்று படம் அனுப்பினால் முதலில் நான் கேட்பது, மேலே இருக்கிற புது இலையா, அடியில் இருக்கிற பழைய இலையா என்பதுதான். அப்புறம், இலையின் எந்த இடம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முழுசாக வெளிறும், நுனி மட்டும் இல்லை. மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மட்டும் மஞ்சளாகும். நான் எப்சம் உப்பு போட்டதற்கு அப்படி ஒரு இலையாவது இருந்ததா என்றால் இல்லை. சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவுதான் கொஞ்சம் குழப்பும், அதுவும் பழைய இலையின் ஓரத்தைத்தான் கருக்கும். அந்த இடத்தில் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பேன், வெள்ளை இருந்தால் உரத்தைத் தொடமாட்டேன். எல்லா வகைச் செடியிலும் ஒரே சமயத்தில் நுனி போகிறது என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவாக நீங்கள் செய்வது எது? அனேகமாகத் தண்ணீர்.

பால்கனிக் கறிவேப்பிலை வேறு கதை. அதில் புதுக் கொழுந்துதான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, போர்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் காரத்தன்மைக்குப் போய்விட்டதால் வேரால் எடுக்க முடியவில்லை. எங்கள் ஆயா கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை ஊற்றுவார், அந்தப் புளிப்பு கொஞ்ச நாள் வேலை செய்யும். மண் ரொம்ப மோசமாக இருந்தால் செலேட் செய்த இரும்பு (செடி எளிதாக எடுத்துக்கொள்கிற மாதிரிப் பிணைத்தது) என்று கேட்டு வாங்கி இலையில் தெளிப்பது சீக்கிரம் பலன் தரும். நான் மோரும் ஊற்றினேன், அதையும் தெளித்தேன், எது வேலை செய்தது என்று சண்டைக்கு வராதீர்கள்.

டிரசீனா மட்டும் இன்றும் முழுசாகச் சரியாகவில்லை. அதுவும் ஸ்பைடர் பிளான்ட்டும் ஃப்ளோரைடைத் தாங்காத செடிகள். தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃப்ளோரைடு போகாது, கொதிக்கவைத்தால் சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் அது உண்டு என்பதால் அந்தத் தொட்டிகளுக்கு அதைப் போடுவதில்லை. இவை இரண்டுக்கும் ஏசித் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான். மே மாதம் எங்கள் பெட்ரூம் ஏசி ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர் சொட்டுகிறது, கேன் வைத்தால் போதும். துளசி, கறிவேப்பிலை மாதிரி வாயில் போடுகிறவற்றுக்கு அதை ஊற்றுவதில்லை, ஏசிக்குள் என்ன அழுக்கு இருக்கிறதோ. மற்ற செடிகளுக்கு மாநகராட்சித் தண்ணீர். கீழ் வீட்டில் போருக்கு சாஃப்ட்னர் மாட்டியிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் வேண்டுமா என்று அக்கா கேட்டார். சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது, செடிக்கு அது முன்னதைவிட மோசம். வேண்டாம்க்கா என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாத் தொட்டியையும் குளியலறைக்குத் தூக்குகிறேன், வெளியே வரும் தண்ணீர் 1500 தாண்டினால் கழுவல், இல்லாவிட்டால் அப்படியே திரும்ப. ஸ்னேக் பிளான்ட்டை மட்டும் தூக்குவதில்லை, இத்தனை கலவரத்திலும் அதற்கு ஒரு நுனிகூடப் போகவில்லை.

ஆர்ஓ கழிவுக் குழாய் இப்போது கழிவறை பக்கெட்டில் விழுகிறது, தரை துடைக்கவும் அதுதான். இரண்டு மாதத்தில் டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று வீட்டில் என்னைத்தான் கேட்கிறார்கள்.